சமையல் சேனல்ல இருந்து காசு வருதா? சம்பளக்காரர்கள் போட வேண்டிய 4 கணக்கு



ஆபீஸ் முடிஞ்சு வந்து ராத்திரி எட்டு மணிக்கு மேல வத்தக்குழம்பு வச்சு, அதை மொபைல்ல ஷூட் பண்ணி, எடிட் பண்ணி அப்லோட் பண்றவங்க இப்போ நிறைய பேர். ஐடி, பேங்க், ஆஸ்பத்திரின்னு எல்லா வேலையிலயும் இருக்காங்க. நாள் முழுக்க ஸ்க்ரீன் முன்னாடி உட்கார்ந்துட்டு, கையால ஏதாவது செய்யணும்னு ஒரு தவிப்பு. வெளியூர்ல தனியா இருக்கிற ஒருத்தர் கமெண்ட்ல வந்து "எங்க பாட்டி கைப்பக்குவம் ஞாபகம் வந்துச்சு"ன்னு எழுதினா வர்ற சந்தோஷம் இன்க்ரிமென்ட் லெட்டர்ல கூட வராது.

கொஞ்ச நாள்ல இதுல காசும் வர ஆரம்பிக்கும். விளம்பர வருமானம், ஓசியில வர்ற மிக்ஸி, "இட்லி பொடி அனுப்புவீங்களா"ன்னு வாட்ஸ்அப்ல ஆர்டர். அப்போ என்கிட்ட வர்ற கேள்வி எப்பவும் ஒண்ணுதான்: "சின்ன அமௌன்ட்தானே, இதைக் கணக்குல காட்டணுமா?"

காட்டணும். ஆனா அதைவிட முக்கியமான ஒரு விஷயம் இருக்கு. சில பேருக்கு 1 லட்ச ரூபாய் சைடு வருமானம் வந்தா, அதுல கைல நிக்கிறது 26 ஆயிரம் கூட இல்ல. அது ஏன்னு பார்க்கிறதுக்குத்தான் இந்தப் பதிவு. நேரக் கணக்கு, வரிக் கணக்கு, வீட்டுக் கணக்கு, விதிக் கணக்குன்னு நாலா பிரிச்சுப் பார்ப்போம்.

ஒரு குறிப்பு. இங்க சொல்ற எண்கள் எல்லாம் 2025-26 நிதியாண்டு வருமானத்துக்கானது. அதாவது 1961 வருமான வரிச் சட்டப்படி. 2026 ஏப்ரல் 1-ல இருந்து வர்ற வருமானத்துக்கு 2025-ம் வருஷத்துப் புதுச் சட்டம். அதுல பிரிவு எண்கள், படிவ எண்கள் மாறும்.

முதல்ல, காசு எந்த வழியா வருது?

யூடியூப்ல முழு விளம்பர வருமானம் வரணும்னா 1,000 சப்ஸ்க்ரைபர் வேணும். அதோட கடைசி 12 மாசத்துல 4,000 மணி நேரம் பார்த்திருக்கணும், இல்லன்னா கடைசி 90 நாள்ல ஷார்ட்ஸ் 1 கோடி வியூஸ் போயிருக்கணும். நீள வீடியோல வர்ற விளம்பர வருமானத்துல 55 சதவீதம் உங்களுக்கு. ஷார்ட்ஸ்ல 45 சதவீதம். ஆட்சென்ஸ் கணக்குல 100 டாலர் சேர்ந்தாத்தான் பேங்குக்கு வரும். ஆரம்பத்துல அந்த 100 டாலர் சேரவே பல மாசம் ஆகலாம்.

இந்தத் துறையில பெரிய உதாரணம் நமக்குப் பக்கத்துலயே இருக்கு. புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்துல தாத்தாவும் பேரன்களும் 2018-ல ஆரம்பிச்ச வில்லேஜ் குக்கிங் சேனல், 2021-ல 1 கோடி சப்ஸ்க்ரைபர் தாண்டிய முதல் தமிழ் யூடியூப் சேனல் ஆச்சு. அந்த வருஷமே முதலமைச்சர் கொரோனா நிவாரண நிதிக்கு 10 லட்சம் கொடுத்தாங்க. அதைப் பார்த்துட்டுத்தான் நிறைய பேர் ட்ரைபாட் வாங்குறோம். தப்பில்ல. ஆனா அவங்க அதை முழு நேரமா, ஒரு குடும்பமே சேர்ந்து செய்றாங்க. நீங்க ஒன்பது மணி நேர வேலைக்கு அப்புறம் தனியா செய்றீங்க. ரெண்டுக்கும் ஒரே கணக்கு போடக்கூடாது.

கணக்கு 1: நேரம்

பத்து நிமிஷ சமையல் வீடியோவுக்கு எவ்வளவு நேரம் ஆகுதுன்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க. உதாரணத்துக்கு, மார்க்கெட் போய் வர 1 மணி நேரம். சமைச்சு ஷூட் பண்ண 3 மணி. எடிட்டிங், வாய்ஸ் ஓவர், தம்ப்நெயில் எல்லாம் சேர்த்து 4 மணி. கமெண்ட்டுக்குப் பதில் போட 1 மணி. மொத்தம் 9 மணி நேரம். வாரம் ஒரு வீடியோன்னா மாசம் 36 மணி நேரம்.

மாசம் 8,000 ரூபாய் வருதுன்னு வச்சுக்கோங்க. வீடியோவுக்காகவே வாங்கின சாமான், கேஸ், இன்டர்நெட்ல ஒரு பங்குன்னு 2,500 போச்சுன்னா மிச்சம் 5,500. ஒரு மணி நேரத்துக்கு சுமார் 153 ரூபாய். உங்க சம்பளம் கைக்கு 60,000, மாசம் 180 மணி நேர வேலைன்னா, ஆபீஸ்ல ஒரு மணி நேரத்துக்கு 333 ரூபாய்.

இதுக்காக சேனலை மூடுங்கன்னு சொல்லல. கிரிக்கெட் விளையாடுறவங்க மணி நேரத்துக்கு எவ்வளவு வந்துச்சுன்னு பார்க்கிறதில்லையே. எடிட்டிங் டேபிள்ல உங்களுக்குக் கிடைக்கிற அந்த உற்சாகம் திங்கட்கிழமை ஆபீஸ்லயும் தெரியும்னா, அதுக்கும் ஒரு மதிப்பு இருக்கு. நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். மணிக்கு 153 ரூபாய் வர்ற வரைக்கும் அது பொழுதுபோக்கு. அதை நம்பி இஎம்ஐ-ல கேமரா வாங்கக்கூடாது, வேலையை விடவும் கூடாது.

கணக்கு 2: வரி

மாசா மாசம் தொடர்ந்து செஞ்சு வர்ற சேனல் வருமானம், சட்டப்படி தொழில் வருமானம். அது வந்த உடனே மூணு விஷயம் மாறுது.

முதலாவது, படிவம். இத்தனை வருஷமா நீங்க போட்ட ஐடிஆர்-1 இனி செல்லாது. ஐடிஆர்-2-வும் கிடையாது. பொதுவா ஐடிஆர்-3. அனுமான வரித் திட்டத்துக்குள்ள வந்தா ஐடிஆர்-4. சமூக ஊடக இன்ஃப்ளூயன்சர்களுக்குன்னே 16021-ங்கிற தொழில் குறியீடும் ரிட்டர்ன் படிவத்துல வந்திருக்கு. அது 'ப்ரொஃபெஷன்' தலைப்புக்குக் கீழ இருக்கு. அதனால யூடியூப் வருமானத்துக்கு "44ஏடி-ல 6 சதவீதம் காட்டினா போதும்"னு யாராவது சொன்னா, அப்படியே நம்பிடாதீங்க. 44ஏடி வியாபாரத்துக்கு. பொடி, ஊறுகாய் விற்கிறவங்களுக்குப் பொருந்தும். அங்கயும் 6 அல்லது 8 சதவீதம்ங்கிறது குறைந்தபட்சம். உண்மையான லாபம் அதைவிட அதிகம்னா அதிகத்தைத்தான் காட்டணும்.

ரெண்டாவது, பழைய வரிமுறை, புது வரிமுறை விளையாட்டு. சம்பளம் மட்டும் இருக்கிறவங்க வருஷா வருஷம் எது லாபமோ அதை எடுத்துக்கலாம். தொழில் வருமானம் வந்துட்டா அந்தச் சுதந்திரம் போயிடும். பழைய முறை வேணும்னா ரிட்டர்ன் கடைசித் தேதிக்குள்ள படிவம் 10-ஐஇஏ போடணும். அதுக்கப்புறம் ஒரு தடவை புது முறைக்குத் திரும்பிட்டா, தொழில் வருமானம் இருக்கிற வரைக்கும் மறுபடி பழைய முறைக்கு வர முடியாது. வீட்டுக் கடன் வட்டி, வீட்டு வாடகைப்படின்னு பழைய முறையில பெரிய கழிவு வச்சிருக்கிறவங்க, மாசம் 3,000 ரூபாய் சேனல் வருமானத்துக்காக இதுல மாட்டிக்கிறாங்க.

மூணாவதுதான் நான் ஆரம்பத்துல சொன்ன 26 ஆயிரம் சமாச்சாரம். பொறுமையா படிங்க.

புது வரிமுறையில மொத்த வருமானம் 12 லட்சம் வரைக்கும் 87ஏ தள்ளுபடியால வரி பூஜ்யம். சம்பளக்காரங்களுக்கு 75,000 நிலையான கழிவும் உண்டு. அதனாலதான் 12.75 லட்சம் சம்பளம் வரைக்கும் வரி இல்லைன்னு சொல்றோம். இப்போ ஒருத்தருக்கு வருஷச் சம்பளம் 12,50,000. கழிவு போக 11,75,000. வரி பூஜ்யம். ஆபீஸ்லயும் டிடிஎஸ் பிடிக்க மாட்டாங்க.

இவருக்கு சேனல்ல செலவு போக 1,00,000 லாபம் வருது. மொத்தம் 12,75,000. தள்ளுபடி மொத்தமா போச்சு. 4-ல இருந்து 8 லட்சத்துக்கு 5 சதவீதம், 20,000. 8-ல இருந்து 12 லட்சத்துக்கு 10 சதவீதம், 40,000. மேல இருக்கிற 75,000-க்கு 15 சதவீதம், 11,250. ஆக 71,250. செஸ் 4 சதவீதம் சேர்த்தா 74,100.

1 லட்சம் சம்பாதிச்சு 74,100 வரி. கைல 25,900.

"மார்ஜினல் ரிலீஃப் இருக்கே சார்"னு கேப்பீங்க. இருக்கு. 12 லட்சத்துக்கு மேல எவ்வளவு வருமானமோ, வரி (செஸ் தவிர்த்து) அதுக்கு மேல போகாதுங்கிறதுதான் அந்தச் சலுகை. மொத்த வருமானம் சுமார் 12,70,000 தாண்டினா அதுக்கு வேலை இல்லாமப் போயிடும். அந்த எல்லைக்குள்ள இருந்தாலும், மேல சம்பாதிச்சது முழுசும் வரியாவே போயிடுது. இதே நபருக்கு லாபத்தை மட்டும் மாத்திப் பாருங்க:

- லாபம் 20,000: வரி இல்ல. கைல 20,000.
- லாபம் 40,000: வரி செஸ்ஸோட 15,600. கைல 24,400.
- லாபம் 1,00,000: வரி 74,100. கைல 25,900.
- லாபம் 2,00,000: வரி 89,700. கைல 1,10,300.

40,000-ல இருந்து 1,00,000 வரைக்கும் கூடுதலா உழைச்சதுக்கு இவருக்கு மிச்சம் 1,500 ரூபாய். எத்தனை ஞாயித்துக்கிழமை அதுல போச்சுன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

இது எல்லாருக்கும் இல்ல. வருஷச் சம்பளம் 8 லட்சம்னா, இதே 1 லட்சம் லாபத்துக்கு ஒரு ரூபாய் வரி கிடையாது. சம்பளம் 20 லட்சம்னா இந்த 1 லட்சத்துக்கு சுமார் 22,100 கூடுதல் வரி, அவ்வளவுதான். 12 லட்சம் எல்லைக்குப் பக்கத்துல நிக்கிறவங்களுக்குத்தான் இந்தப் பள்ளம். அஞ்சாறு வருஷ அனுபவம் இருக்கிற நிறைய பேர் சரியா இந்த இடத்துலதான் நிக்கிறாங்க.

என்ன செய்யலாம்? நேர்மையான வழி மூணு இருக்கு.

ஒண்ணு, உண்மையான செலவை முழுசா கழிக்கிறது. வீடியோவுக்குன்னு வாங்கின சாமான், மைக், லைட், எடிட்டிங் சாஃப்ட்வேர் கட்டணம், இன்டர்நெட்ல நியாயமான பங்கு இதெல்லாம் செலவு. கேமரா, மொபைல் மாதிரி பொருளுக்கு 15 சதவீதமும், லேப்டாப்புக்கு 40 சதவீதமும் வருஷத் தேய்மானம். வாங்கின வருஷத்துல 180 நாளுக்குக் குறைவா பயன்படுத்தினா அதுல பாதி. பில் உங்க பேர்ல இருக்கணும். வீட்டு மளிகை பில் மொத்தத்தையும் சேனல் செலவுல எழுதக்கூடாது. சாம்பார் வீடியோவுல வந்துச்சுங்கிறதுக்காக மாசம் முழுக்க வாங்கின துவரம்பருப்பு தொழில் செலவு ஆகிடாது.

ரெண்டு, கம்பெனி வழியா என்பிஎஸ். உங்க சிடிசி-ல இருந்து கம்பெனி கட்டுற என்பிஎஸ் பங்களிப்பு, அடிப்படைச் சம்பளத்துல 14 சதவீதம் வரைக்கும் புது முறையிலயும் கழியும். அடிப்படை 5 லட்சம்னா 70,000. மேல சொன்ன நபருக்கு மொத்தம் 12,75,000-ல இருந்து 12,05,000 ஆகும். வரி 5,200. 70,000 ஓய்வூதியக் கணக்குல பூட்டிக்கிடும், ஆனா 68,900 வரி மிச்சம். இதை வருஷ நடுவுல ஹெச்ஆர்கிட்ட பேசி ஏற்பாடு பண்ணணும். மார்ச் கடைசியில முழிச்சா நடக்காது.

மூணு, உழைச்சவங்களுக்குக் கூலி கொடுக்கிறது. அதைத் தனியா அடுத்த கணக்குல பார்ப்போம்.

அதுக்கு முன்னாடி மூணு சின்ன எச்சரிக்கை. கூகுள்ல இருந்து டாலரா வர்ற பணத்துக்கு இங்க டிடிஎஸ் பிடிக்கிறதில்ல. 26ஏஎஸ்-ல தெரியலைங்கிறதால அது வருமானம் இல்லைன்னு ஆகாது. டிடிஎஸ் போக வருஷத்துக்கு 10,000 அல்லது அதுக்கு மேல வரி வரும்னா முன்கூட்டி வரி கட்டணும். ஜூன் 15-க்குள்ள 15 சதவீதம், செப்டம்பர் 15-க்குள்ள 45, டிசம்பர் 15-க்குள்ள 75, மார்ச் 15-க்குள்ள முழுசும். விட்டா மாசம் 1 சதவீதம் வட்டி.

அமெரிக்கால இருந்து பார்க்கிற நம்ம ஆளுங்க நிறைய. அந்த வியூஸ்ல வர்ற வருமானத்துக்கு அமெரிக்க வரியை கூகுள் பிடிச்சுக்கும். ஆட்சென்ஸ்ல டபிள்யூ-8பென் படிவம் போட்டு, இந்தியா-அமெரிக்கா ஒப்பந்தச் சலுகையைக் கேட்டிருந்தா அந்தப் பங்குக்கு 15 சதவீதம் மட்டும். படிவமே போடலைன்னா உலகம் முழுக்க வந்த மொத்த வருமானத்துலயும் 24 சதவீதம் போகும். 1,000 டாலர் வருமானத்துல 100 டாலர் அமெரிக்கப் பார்வையாளர்கள் மூலமா வந்துச்சுன்னா, படிவம் போட்டவருக்கு 15 டாலர் பிடித்தம், போடாதவருக்கு 240 டாலர். பத்து நிமிஷ வேலை, இன்னைக்கே முடிங்க. அங்க கட்டின வரியைப் படிவம் 67 போட்டு இங்க கழிச்சுக்கலாம். அதுக்கு ஐடிஆர்-4 உதவாது, ஐடிஆர்-3 வேணும்.

கடைசியா, ஓசி பொருள். ஒரு கம்பெனி ஏர் ஃப்ரையர் அனுப்பி "ரிவ்யூ பண்ணுங்க, நீங்களே வச்சுக்கோங்க"ன்னு சொன்னா, அதோட மதிப்பு உங்களுக்கு வருமானம். ஒரே கம்பெனிகிட்ட இருந்து வருஷத்துக்கு 20,000-க்கு மேல போச்சுன்னா 194ஆர்-ல 10 சதவீத டிடிஎஸ் விதி இருக்கு. ரிவ்யூ முடிஞ்சதும் திருப்பி அனுப்பிட்டா அந்த விதி வராது.

கணக்கு 3: வீடு

நிறைய சேனல்ல நடக்கிறது இதுதான். அம்மா சமைக்கிறாங்க. பிள்ளை ஷூட் பண்ணி எடிட் பண்றாரு. பணம் பிள்ளை அக்கவுண்ட்டுக்கு வருது. கமெண்ட்ல ஜனங்க தேடி வர்றது அம்மாவைத்தான். "அம்மா நல்லா இருக்காங்களா, ரெண்டு வாரமா காணோமே"ன்னு கேக்குறாங்க. கணக்குல மட்டும் அம்மாவுக்குப் பங்கே இல்ல.

உங்க அம்மா உண்மையிலேயே மாசம் நாலு வீடியோவுக்கு உழைக்கிறாங்கன்னா, வேற ஒரு சமையல்காரரைக் கூப்பிட்டா என்ன கொடுப்பீங்களோ அந்த அளவுக்கு அவங்களுக்குக் கொடுக்கலாம். மாசம் 5,000-ன்னா வருஷம் 60,000. பேங்க் வழியா, மாசா மாசம், அவங்க பேர்ல இருக்கிற அக்கவுண்ட்டுக்கு. அது உங்க சேனலுக்குச் செலவு. வேற வருமானம் இல்லாத அம்மாவுக்கு அதுல வரி வராது. மேல சொன்ன 12.5 லட்சம் சம்பளக்காரருக்கு லாபம் 1,00,000-ல இருந்து 40,000 ஆகும். அவர் கைல 24,400, அம்மா கைல 60,000. ரெண்டும் சேர்த்து வீட்டுக்கு 84,400. கொடுக்காம இருந்தா வீட்டுக்கு மொத்தமே 25,900.

இதை வரி ட்ரிக்கா எடுத்துக்கிட்டா மாட்டிப்பீங்க. சேனல்ல ஒரு நாள் கூட வராத அப்பா பேர்ல மாசம் 10,000 போட்டா அது செலவு இல்ல, பொய்க் கணக்கு. சொந்தக்காரங்களுக்குக் கொடுக்கிறது நியாயமான தொகையான்னு அதிகாரி கேக்கலாம், சட்டத்துல அதுக்கு இடம் இருக்கு. கொடுத்த பணம் சுத்தி உங்க அக்கவுண்ட்டுக்கே திரும்பி வரக்கூடாது. அது அவங்க பணம். நகைச்சீட்டு கட்டுவாங்களோ, தங்கச்சி மகளுக்குக் கொலுசு வாங்குவாங்களோ, நீங்க கேக்கக்கூடாது. கணவனோ மனைவியோன்னா விதி வேற. அங்க கொடுத்த சம்பளம் உங்க வருமானத்தோடயே சேர்க்கப்பட வாய்ப்பு இருக்கு. ஆடிட்டர்கிட்ட கேட்டுட்டுச் செய்ங்க.

சேனலே முழுக்க அம்மாவோடதுன்னா இன்னும் எளிது. அம்மா பான் கார்டுல, அம்மா பேர்ல ஆட்சென்ஸ் கணக்கு. வருமானம் அவங்களுது. நீங்க உதவி பண்ற பிள்ளை.

வீட்டுக் கணக்குல இன்னொண்ணு இருக்கு, இதை யாரும் பேசுறதில்ல. மிச்சம் பிடிக்கிற காசுக்கு வரி கிடையாது. வாரம் மூணு தடவை 350 ரூபாய்க்கு ஆர்டர் பண்றீங்கன்னு வைங்க. மாசம் 12 ஆர்டர், 4,200 ரூபாய். அதே சாப்பாட்டை வீட்ல செய்ய 1,400 ஆச்சுன்னா, மாசம் 2,800 மிச்சம். வருஷத்துக்கு 33,600. படிவம் இல்ல, முன்கூட்டி வரி இல்ல, ஜிஎஸ்டி இல்ல. 12.5 லட்சம் சம்பளக்காரருக்கு, 1 லட்சம் லாபம் வர்ற சேனலைவிட, கேமரா இல்லாம ராத்திரி தனக்காகச் சமைச்சுச் சாப்பிடுறதுல அதிகம் நிக்குது. சேனல் இல்லாதவங்களும் இந்த ஒரு பாராவை எடுத்துக்கிட்டுப் போகலாம்.

கணக்கு 4: விதிகள்

பொடி, ஊறுகாய், தொக்கு விற்க ஆரம்பிச்சா அது வேற உலகம். வீட்ல செஞ்சு வாட்ஸ்அப்ல வித்தாலும் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006 உங்களுக்குப் பொருந்தும். சின்ன அளவுல செய்றவங்களுக்குப் பெரிய லைசென்ஸ் தேவையில்ல, அடிப்படைப் பதிவு போதும். ஃபாஸ்காஸ் இணையதளத்துல விண்ணப்பிக்கலாம். கிடைக்கிற 14 இலக்க எண்ணைப் பாக்கெட்ல போடணும். யாருக்காவது வயித்துக்கு ஒத்துக்கலைன்னா, அந்தப் பதிவு இருக்கிறதுக்கும் இல்லாததுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கு.

ஜிஎஸ்டி-ல நிறைய பேருக்குத் தெரியாத ஒரு இடம் சொல்றேன். தமிழ்நாட்டுக்குள்ள பொருள் விற்க 40 லட்சம் வரைக்கும் பதிவு தேவையில்ல. சேவைக்கு, அதாவது சேனல், ஸ்பான்சர் வருமானத்துக்கு 20 லட்சம். இதுல உங்க சம்பளம் சேராது. ஆனா வரி உள்ள பொருளை வேற மாநிலத்துக்கு அனுப்பினா இந்த எல்லை பொருந்தாது. பெங்களூர்ல இருக்கிற ஒரு ஃபாலோயருக்கு ரெண்டு பாட்டில் ஊறுகாய் கூரியர் பண்ணி வித்தாலும் பதிவு கட்டாயம். சேவைக்கு இந்தக் கெடுபிடி இல்ல, பொருளுக்குத்தான். அதனால ஆரம்பத்துல தமிழ்நாட்டுக்குள்ள மட்டும் ஆர்டர் எடுங்க. வெளி மாநிலத்துல இருந்து நிறைய கேக்குறாங்கன்னா அப்போ பதிவு எடுத்துட்டு ஆரம்பிங்க.

அடுத்தது உங்க ஆபர் லெட்டர். வேற வேலை, வேற தொழில் பத்தி ஒரு பாரா கண்டிப்பா இருக்கும். 2022 செப்டம்பர்ல விப்ரோ, போட்டி நிறுவனங்களுக்கு வேலை பார்த்த 300 பேரை நீக்கினதா அதன் தலைவரே சொன்னார். சமையல் வீடியோ அந்த ரகம் இல்ல. ஆனா சில ஒப்பந்தங்கள்ல எந்தத் தொழிலுக்கும் முன் அனுமதி வேணும்னு எழுதியிருக்கும். ஹெச்ஆருக்கு ஒரு மெயில் போட்டு, பதிலைப் பத்திரமா வச்சுக்கோங்க. ஆபீஸ் லேப்டாப்ல எடிட் பண்ணாதீங்க. அரசு ஊழியர்களுக்கு நடத்தை விதிகள் இன்னும் கறார். பொருள் விற்கிறதுக்கோ, காசு வர்ற சேனலுக்கோ முதல்ல அனுமதி, அப்புறம்தான் அப்லோட்.

கடைசி விதி, விளம்பரம். காசு வாங்கியோ பொருள் வாங்கியோ ஒரு எண்ணெயைப் பத்திப் பேசினா, அது விளம்பரம்னு பார்க்கிறவங்களுக்குத் தெளிவா தெரியணும். 2023 ஜனவரியில மத்திய நுகர்வோர் விவகாரத் துறை இதுக்குன்னே வழிகாட்டுதல் கொடுத்திருக்கு. தவறா வழிநடத்தும் விளம்பரத்துக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ல 10 லட்சம் வரைக்கும், மறுபடி செஞ்சா 50 லட்சம் வரைக்கும் அபராதம்.

அபராதத்தைவிடப் பெரிய நஷ்டம் ஒண்ணு இருக்கு. நீங்க சொன்னீங்கன்னு ஒருத்தர் தன் குழந்தைக்கு ஒரு ஹெல்த் மிக்ஸ் வாங்கிக் கொடுக்கிறார். முகம் பார்க்காத அவர் உங்களை வீட்டு ஆளா நினைக்கிறார். வீட்ல வாங்க மாட்டீங்கன்னா கேமரா முன்னாடியும் சொல்லாதீங்க. அந்த நம்பிக்கை போச்சுன்னா சேனல்ல மிச்சம் இருக்கிறது குக்கர் விசில் சத்தம் மட்டும்தான்.

இந்த வாரமே செய்ய வேண்டியது

1. சேனல் வரவு செலவுக்குத் தனி சேவிங்ஸ் அக்கவுண்ட் திறங்க.
2. ஒரு எக்செல் ஷீட்: தேதி, வரவு, செலவு, பில் இருக்கா, செலவான மணி நேரம். கடைசி காலத்தை விட்டுடாதீங்க.
3. ஆட்சென்ஸ்ல டபிள்யூ-8பென் படிவம் போட்டிருக்கான்னு பாருங்க.
4. சம்பளமும் சேனல் லாபமும் சேர்ந்து, நிலையான கழிவு போக 12 லட்சத்தைத் தாண்டுமான்னு செப்டம்பர்லயே கணக்குப் போடுங்க. தாண்டும்னா என்பிஎஸ் பத்தி ஹெச்ஆர்கிட்ட பேசுங்க.
5. பழைய வரிமுறையில இருக்கிறவங்க, முதல் ரூபாய் வர்றதுக்கு முன்னாடியே ஒரு ஆடிட்டரைப் பாருங்க.
6. அம்மா, பாட்டி, அத்தை யார் சமைச்சாலும் அவங்க பேர்ல ஒரு தொகை போகுதான்னு பாருங்க.

எல்லா ஞாயித்துக்கிழமையும் வீடியோ போட்டே ஆகணும்னு எந்த விதியும் இல்லைங்கிறதையும் சேர்த்துச் சொல்லிடுறேன். அல்காரிதம் கோவிச்சுக்கும், பரவாயில்ல. மாசத்துல ஒரு நாளாவது மொபைலை உள்ள வச்சுட்டு, ஃப்ரெண்ட்ஸைக் கூப்பிட்டுச் சமைச்சுப் போடுங்க. அன்னைக்கு வர்ற "இன்னும் கொஞ்சம் ஊத்து"வுக்கு எந்தப் படிவமும் இல்ல, வரியும் இல்ல.

12 லட்சம் எல்லைக் கணக்கை ஸ்க்ரீன்ல போட்டுக் காட்டுற வீடியோ நம்ம சேனல்ல இருக்கு, பாருங்க. உங்க சம்பளம், சேனல் லாபம் ரெண்டையும் கமெண்ட்ல போட்டா கணக்கு சொல்றேன். பான் நம்பர், பேங்க் விவரம் மட்டும் தயவுசெஞ்சு போடாதீங்க. இது பொதுவான விளக்கம்தான். உங்க நிலைமைக்கு ஏத்த முடிவை உங்க ஆடிட்டரோட பேசி எடுங்க.